சட்டைப்பைப் பாட்டுப்பெட்டிகளின் நிற இலக்கணம்

பாயிரம்

எழுத்து, சொல், பொருள் என்று எதையும் விடாமல் இலக்கணம் செய்த தமிழுலகம் வாக்மேனின் நிறத்தை மட்டும் விட்டுவிட்டது. அந்தக் குறையை நீக்க எழுந்தது இந்நூல். பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது மரபு. அவற்றுள் நான்கை மட்டும் சொல்கிறோம். மற்ற நான்கும் இடமின்மையால் விடப்பட்டன என்க.

எல்லை: வடவெல்லை 1954, தென்னெல்லை 2022. வடக்கே இருப்பது கூடத்து மரப்பெட்டி, தெற்கே இருப்பது செல்போன். இரண்டும் நமக்குப் பகைநாடு.

பொருள்: பையில் அடங்கி, உடையவர் காதுக்கு மட்டும் பாடும் கருவியின் மேல்தோல் நிறம்.

கேட்போர்: மேசை டிராயரின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து, “இதுக்கு இனிமே சார்ஜர் கிடைக்குமா?” என்று வீட்டாரைக் கேட்பவர்.

பயன்: யாதும் இல்லை. ஆகவே இது சாத்திரம் எனப்படும்.

இனி நூல் தீர்க்க எடுத்துக்கொண்ட ஐயம். காதுக்கு நிறம் தெரியாது. பச்சைப் பெட்டியில் கேட்டாலும் கறுப்புப் பெட்டியில் கேட்டாலும் கல்யாணி கல்யாணியே. கருவியோ பெரும்பாலும் பைக்குள் இருட்டில் கிடப்பது. அப்படியிருக்க நிறம் யாருக்காக? திணைதோறும் இக்கேள்வியைக் கேட்போம். திணைதோறும் வேறு விடை வரும்.

முதல் இயல்: மரபு

முதனூல், வழிநூல், சார்புநூல் என மூன்று.

முதனூல் ரீஜென்சி டி.ஆர்.-1. இண்டியானாபோலிஸ் நகரத்து நிறுவனமொன்று 1954 அக்டோபரில் அறிவித்த டிரான்சிஸ்டர் வானொலி. உள்ளே நான்கு டிரான்சிஸ்டர், விலை 49.95 டாலர். கறுப்பு, எலும்பு வெள்ளை, மாண்டரின் சிவப்பு, மேகச் சாம்பல் என்று நான்கு நிறங்களோடு வந்தது. பின்னர் ஆலிவ் பச்சையும் மஹோகனியும் சேர்ந்தன. அதற்கும் பின்னர் முத்துப் பளபளப்போடு லாவண்டரும் வெளிர்சிவப்பும்.

“வானொலி நிலையத்தார் போடும் பாட்டைப் பாடுகிறது, உடையவர் கேட்கும் பாட்டை அன்று. ஆதலால் இது பாட்டுப்பெட்டி ஆகாது” என்பார் உளர். அவர் சொல்வது சரியே. ஆயினும் முதனூல் இல்லாமல் நூல் தொடங்குவது அழகில்லை என்பதால் இந்த இயல் முடியும்வரை ரீஜென்சியைச் சேர்த்துக்கொள்கிறோம்.

வழிநூல் சோனி வாக்மேன், டி.பி.எஸ்.-எல்2. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது; விலை 33,000 யென். பேட்டி பதிவு செய்ய நிருபர்கள் வைத்திருந்த பிரெஸ்மேன் என்ற சிறு டேப் ரெக்கார்டரில் பதிவு செய்யும் பகுதியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோவைச் சேர்த்தால் அதுதான் வாக்மேன். நிறம் நீலமும் வெள்ளியும். வேறு நிறம் கேட்டவருக்கு அதே நீலமும் வெள்ளியும். ஓரத்தில் ஓர் ஆரஞ்சுப் பொத்தான். அழுத்தினால் பாட்டு தணிந்து, உள்ளேயிருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேச்சு கேட்கும். இயர்போன் துளை இரண்டு. தனிமையில் கேட்கும் கருவி என்று பின்னாளில் பேர் வாங்கிய பெட்டி, பிறக்கும்போது ஜோடிக்கு இடம் வைத்தே பிறந்தது.

சார்புநூல் ஆப்பிளின் ஐபாட். 2001 அக்டோபர் 23, 5 ஜி.பி.; 399 டாலர். முன்னால் வெள்ளை, பின்னால் முகம் தெரியும் எஃகு. இதற்கும் நிறத் தேர்வு கிடையாது.

இரண்டாம் இயல்: தலைமை விதி

உள்ளே புதுமை குறையக் குறைய வெளியே நிறம் பெருகும். இந்நூலுக்கு இதுவே தலைமை விதி. சான்று காட்டுவோம்.

1979-இல் நடந்துகொண்டே ஸ்டீரியோ கேட்பது உலகுக்குப் புதிது, நிறம் ஒன்று. 1981-இல் வந்த இரண்டாம் வாக்மேன், டபிள்யூ.எம்.-2, அதே வேலையை இன்னும் சிறிய உடம்பில் செய்தது; நிறம் வெள்ளி, சிவப்பு, கறுப்பு என மூன்று. 2001-இல் ஆயிரம் பாட்டு பையில் ஏறியது புதிது, நிறம் ஒன்று. 2004 ஜனவரியில் அறிவித்த ஐபாட் மினி அதே ஐபாடைச் சுருக்கியது, நிறம் ஐந்து. 2005 செப்டம்பரில் மினியை எடுத்துவிட்டு நானோவைக் கொண்டுவந்தார்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் போய், அசையாத ஃபிளாஷ் நினைவகம் வந்தது. உள்ளே புதுமை வந்ததும் நிறம் சட்டென்று இரண்டாக இறங்கியது: கறுப்பு, வெள்ளை. அடுத்த ஆண்டே உள்ளே பழகிப்போயிற்று, நிறம் ஐந்து. 2008-இல் ஒன்பது.

விதிக்கு முடிசூட்டும் சான்று 2015 ஜூலை. அன்று நானோவுக்கும் ஷஃபிள் என்ற சிறு ஐபாடுக்கும் புது நிறங்கள் வந்தன. நிறம் தவிர வேறெதுவும் வரவில்லை. நானோவின் திரையில் 2012-இல் வரைந்த சின்னங்களே அப்படியே இருந்தன. 2017 ஜூலையில் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் இயல்: திணைகள்

அன்பின் ஐந்திணை, கைக்கிளை, பெருந்திணை என்று அகப்பொருளுக்கு ஏழு திணை வகுத்த மரபில் நிறத்துக்கும் ஏழு வகுத்தோம். அங்கே தலைவனும் தலைவியும். இங்கே வாங்குபவரும் விற்பவரும்.

முதலாவது வெள்ளித் திணை. வெள்ளி ஒரு நிறமா என்பதே வழக்கில் இருக்கிறது. உலோகத்துக்கு நிறம் பூசாமல் விட்டால் வருவது வெள்ளி. நிறுவனங்கள் அதையும் நிறப் பட்டியலில் எழுதி எண்ணிக்கையை ஒன்று கூட்டிக்கொள்ளும். விலைப் படியின் கீழ்ப்படியில் நிற்பது இதுவே. 2006-இல் 149 டாலர் விலையுள்ள 2 ஜி.பி. நானோ வெள்ளியில் மட்டுமே கிடைத்தது. அதே ஆண்டின் ஷஃபிளும் வெள்ளி மட்டும். 2007-இன் 4 ஜி.பி. நானோவும் வெள்ளி மட்டும். மற்ற நிறங்கள் வந்தன, போயின; 2006 முதல் 2017 வரை நானோ எத்தனை முறை உருமாறினாலும் வெள்ளியை யாரும் வெளியேற்றவில்லை. நிறம் யாருக்காக? விலைப்பட்டியலுக்காக. வெள்ளி வாங்கியவர் நிறத்தைப் பற்றி யோசிக்கவில்லை. மிச்சத்தைப் பற்றி யோசித்தார்.

இரண்டாவது கறுப்புத் திணை. கருவி விளையாட்டுப் பொருளன்று என்று மெய்ப்பிப்பது கறுப்பின் தொழில். சோனியின் வாக்மேன் புரொஃபெஷனல் டபிள்யூ.எம்.-டி6சி, 1984-இல் வந்தது, கேட்கவும் செய்யும், தரமாகப் பதிவும் செய்யும், வானொலி நிருபர்கள் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தது, நிறம் கறுப்பு. அது மஞ்சளாக இருந்திருந்தால் அமைச்சர் பேட்டி கொடுத்திருக்க மாட்டார் என்பது உரையாசிரியர் கருத்து. 2006 நானோவில் இத்திணை உச்சம் தொட்டது. 249 டாலர் விலையுள்ள 8 ஜி.பி. நானோ வந்தபோது அதற்கு ஒரே நிறம், கறுப்பு. அந்தக் கறுப்பு மற்ற அளவுகளுக்குக் கிடையாது. ஆகவே ரயிலில் எதிர்வரிசையில் இருப்பவர் கையைப் பார்த்தே அவர் பெட்டி எத்தனை ஜி.பி., விலை என்ன என்று கணக்குச் சொல்லிவிடலாம். நிறம் யாருக்காக? எதிர்வரிசைக்காக.

கறுப்புக்கு ஒரு குற்றமும் உண்டு. 2005-இன் முதல் நானோ வழவழப்பான பிளாஸ்டிக் முகத்தோடு வந்தது. சில நாளிலேயே கீறல் விழுகிறது என்று வாங்கியவர்கள் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். வெள்ளையில் விழுந்த கீறல் மறைந்து கிடக்க, கறுப்பில் விழுந்தது சாட்சி சொன்னது. மறு ஆண்டு நானோ அலுமினியத்துக்கு மாறிவிட்டது.

மூன்றாவது வெண்மைத் திணை. 2001-இல் மின்னணுக் கடை என்றால் கறுப்பும் சாம்பலும் வெள்ளியும்தான். அங்கே வெள்ளை வந்து நின்றது. வெறும் வெள்ளையும் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கு மேலே தெளிந்த பிளாஸ்டிக் ஒரு படலம். ஆனால் இத்திணையின் உயிர் பெட்டியில் இல்லை, இயர்போன் கம்பியில் இருக்கிறது. பெட்டி பைக்குள் மறையும், கம்பி மறையாது. 2003-இல் தொடங்கிய விளம்பரங்களில் ஆடுபவர்கள் கரிய நிழலுருவாக இருந்தார்கள். பின்புலம் கண்ணைப் பறிக்கும் பச்சை, மஞ்சள், ஊதா. பெட்டியும் கம்பியும் மட்டும் வெள்ளை. உலகின் நிறமெல்லாம் சுவருக்குப் போய்விட, நிறமில்லாதது கண்ணுக்குத் தெரிந்தது. நிறம் யாருக்காக? முன்பின் தெரியாதவருக்காக. அவர்களில் திருடரும் அடக்கம். 2005-இல் நியூயார்க் சுரங்க ரயிலில் ஐபாட் பறிப்பு பெருகியபோது, வெள்ளைக் கம்பியே பறிப்பவருக்கு வழிகாட்டி என்று அங்கே பேச்சு எழுந்தது.

நான்காவது மஞ்சள் திணை. ஏழிலும் நேர்மையானது இதுதான். 1983-இல் சோனி வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் வாக்மேன் டபிள்யூ.எம்.-எஃப்5 மழைக்கும் வியர்வைக்கும் ஈடுகொடுக்கும்படி செய்தது. மூடி இறுகப் பூட்டும், இடுக்குகளில் ரப்பர், நிறம் அழுத்தமான மஞ்சள். மற்றத் திணைகளில் நிறம் உள்ளேயிருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது, இதில் சொன்னது. மஞ்சள் என்றால் நனையலாம். மஞ்சளைப் பார்த்தவர் நனைத்தார், பெட்டியும் பாடிற்று. நிறம் யாருக்காக? தண்ணீருக்காக. பின்னாளில் ஓடாதவரும் நனையாதவரும், சாய்வு நாற்காலியை விட்டு எழாதவரும் மஞ்சள் வாங்கினர். அது திணை மயக்கம். இத்திணையின் குழந்தைப் பருவமாக 1980களின் பிற்பகுதியில் வந்த மை ஃபர்ஸ்ட் சோனி வரிசையைச் சொல்லலாம். சிவப்பு உடம்பு, நீலமும் மஞ்சளுமாகப் பொத்தான்கள். அதன் நிறம் பிள்ளைக்காக என்பர். பணம் கொடுத்த அப்பாவுக்காக என்பது நம் துணிபு.

ஐந்தாவது பல்வண்ணத் திணை. இதன் தலைநகர் ஐபாட் மினி: வெள்ளி, பொன், நீலம், வெளிர்சிவப்பு, பச்சை. இங்கே நிறம் ஏறும் முறையை விளக்குவது கடமை. அலுமினியத்தை அமிலக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அதன் மேல் கெட்டியான ஆக்சைடு படலம் வளரும். அப்படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். சாயத்தில் முக்கினால், சாயப்பட்டறை நூல் போல, துளைகள் சாயத்தைக் குடிக்கும். பிறகு வெந்நீரில் இட்டால் துளைவாய் மூடிக்கொள்ளும்; நிறம் உள்ளே மாட்டிக்கொள்ளும். மேலே பூசிய பெயின்ட் போல் உரியாது. உலோகத்தின் மினுக்கம் நிறத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். இந்த வித்தை கைவந்த பிறகு, ஒரே பெட்டியை எத்தனை பெட்டியாக வேண்டுமானாலும் விற்கலாம்; சாயத் தொட்டியை மாற்றினால் போதும். தலைமை விதியின் தொழிற்சாலைக் காரணம் இதுவே.

2004-இன் முடிவில் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ஜென் மைக்ரோவைப் பத்து நிறத்தில் இறக்கியது. உள்ளே மினியைப் போலவே ஒரு சிறு ஹார்ட் டிஸ்க். வெளியே மினியைப் போல் இரு மடங்கு நிறம். பத்தையும் வரிசையாக வைத்த கடைக்காரர் எதை எத்தனை வாங்கி அடுக்குவது என்று பட்ட பாடு இலக்கணத்தில் அடங்காது.

இத்திணையின் உட்பிரிவு மூன்று. ஒன்று, பொன். மினியில் பிறந்து, 2005 பிப்ரவரியில் இரண்டாம் மினி வந்தபோது நீக்கப்பட்டது. 2015-இல் நானோவில் திரும்பி வந்தது. இராமனுக்குப் பதினான்கு ஆண்டு, பாண்டவருக்குப் பதின்மூன்று, பொன்னுக்குப் பத்து. திரும்பி வந்தபின் ஆண்டது இரண்டே ஆண்டு. இரண்டு, வெளிர்சிவப்பு. 2007 செப்டம்பர் நானோ வரிசையில் இதைச் சேர்க்க மறந்தார்கள், அல்லது மறந்தது போல் இருந்தார்கள். 2008 ஜனவரியில், காதலர் தினத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நினைவு வந்தது. மூன்று, சாம்பல். 2010-இல் கிராஃபைட், 2012-இல் ஸ்லேட், 2013-இல் ஸ்பேஸ் கிரே. முதலாவது பென்சிலில் இருப்பது, இரண்டாவது பள்ளிக்கூடத்தில் இருப்பது, மூன்றாவது விண்ணில் இருப்பது. படிப்படியாக வளர்ந்திருக்கிறது.

பல்வண்ணத் திணையில் நிறம் யாருக்காக? உடன்பிறந்தோருக்காக. ஒரே வீட்டில் நான்கு மினி இருந்தால் எது எவருடையது என்ற சண்டையை நிறம் தீர்க்கும். பச்சை யாருக்கு என்ற சண்டையை மூட்டும்.

ஆறாவது கைக்கிளை. ஒருதலைக் காதல். 2006 நவம்பர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஸூன் என்ற பெட்டியை 30 ஜி.பி. அளவில் வெளியிட்டது. நிறம் மூன்று: கறுப்பு, வெள்ளை, பழுப்பு. தோஷிபாவின் கிகாபீட் பெட்டியை அடியொற்றிச் செய்தது ஆதலால் உள்ளே புதுமை குறைவு. பிறக்கும்போதே மூன்று நிறம் வந்ததற்கு நம் விதியே காரணம் சொல்லிவிடுகிறது. வெள்ளையும் கறுப்பும் எதிராளி வைத்திருந்தவை. தனக்கென்று ஒன்று வேண்டுமே என்று பழுப்பு. அதில் உழைப்பும் உண்டு. பழுப்புக்கு மேல் ஊடுருவித் தெரியும் இன்னொரு பிளாஸ்டிக் வார்த்து, ஓரங்களில் பச்சை ஒளிர வைத்தார்கள். வடித்தவர்கள் அந்த நிறத்தை மனதார நேசித்தார்கள் என்பது பெட்டியைக் கையில் வாங்கினாலே தெரியும். வாங்குபவர்கள் நேசிக்கவில்லை. அமெரிக்கச் சிரிப்புத் துணுக்குகளில் பழுப்பு ஸூன் நெடுங்காலம் வாழ்ந்தது. கடையில் அவ்வளவு காலம் வாழவில்லை. 2011-இல் ஸூன் பெட்டிகளையே கைவிட்டார்கள். நிறம் யாருக்காக? செய்தவருக்காக. கைக்கிளை என்று நாம் வகுத்தது இதனால். இகழ்ச்சியாகச் சொல்லவில்லை, ஏழு திணையில் உண்மையான காதல் இங்கேதான் இருந்தது.

ஏழாவது பெருந்திணை. பொருந்தாக் காதல். நிறம் பெட்டிக்கு உரியதாக இராமல் மூன்றாம் ஆளுக்கு உரியதாக இருப்பது. 2004 அக்டோபரில் யு2 இசைக்குழுவின் பெயரால் ஓர் ஐபாட் வந்தது: கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம், முதுகில் நால்வர் கையெழுத்து. அதே 20 ஜி.பி. ஐபாட் வெள்ளையில் 299 டாலர், இது 349. கையெழுத்து ஒன்றுக்குப் பன்னிரண்டரை டாலர் ஆகிறது, கறுப்பு இலவசம். 2006 அக்டோபரில் அக்குழுவின் போனோ முன்னின்று நடத்திய ‘ரெட்’ இயக்கத்துக்காகச் சிவப்பு நானோ வந்தது. ஒவ்வொன்றின் விலையிலும் 10 டாலர் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸை எதிர்த்துப் போராடும் நிதிக்குப் போயிற்று. நிறம் யாருக்காக என்ற கேள்விக்கு, வெட்கமில்லாமல் ‘பிறருக்காக’ என்று விடை சொல்லக்கூடிய நிறம் இந்தச் சிவப்பு ஒன்றே.

நான்காம் இயல்: நிறமிலி

ஏழிலும் அடங்காதது நிறமின்மை. இது இரு வகை: விரும்பி வந்தது, விதித்து வந்தது.

விரும்பி வந்தது 1998-இல். ஐமேக் கணினி உள்ளுறுப்பு மங்கலாகத் தெரியும் நீலத்தில் வந்ததும், உலகத்துப் பிளாஸ்டிக்கெல்லாம் தன் குடலைக் காட்ட ஆசைப்பட்டது. தொடக்ககால எம்பி3 பெட்டியான டைமண்ட் ரியோ 32 எம்.பி. நினைவகத்தோடு கறுப்பில் வந்து, பின் 64 எம்.பி. சிறப்புப் பதிப்பாக ஊடுருவித் தெரியும் நீலப்பச்சைக்கு மாறியது.

விதித்து வந்தது சோனி எஸ்.ஆர்.எஃப்.-39எஃப்.பி. அமெரிக்கக் கூட்டரசுச் சிறைகளில் இருப்பவர்களுக்காகவே செய்த சட்டைப்பை வானொலி. ஒற்றை பேட்டரியில் ஓடும். உடம்பு முழுக்கக் கண்ணாடி போல் தெளிந்த பிளாஸ்டிக். உள்ளே எதையும் ஒளிக்க முடியாது. நிறம் யாருக்காக? காவலருக்காக. நூல் முழுவதும் நாம் கேட்ட கேள்விக்குச் சுற்றிவளைக்காமல் விடை சொன்ன ஒரே பெட்டி, நிறமே இல்லாத பெட்டி.

ஐந்தாம் இயல்: தடையும் விடையும்

மாணவன்: ஐயா, புதுமை மிகுந்தால் நிறம் குறையும் என்றீர்கள். ரீஜென்சி முழுக்கப் புதுமை. ஆயினும் நான்கு நிறத்தில் வந்ததே?

ஆசிரியர்: ரீஜென்சி வானொலி. வானொலி பாட்டுப்பெட்டி ஆகாது. முதல் இயலிலேயே சொன்னோம்.

மாணவன்: சிறைப் பெட்டியும் வானொலிதானே, ஐயா? அதை நான்காம் இயலில் வைத்தீர்களே?

ஆசிரியர்: அதற்கு நிறம் இல்லை. நிறமில்லாததை நிற விதி கட்டுப்படுத்தாது.

மாணவன்: நிறம் மட்டும் மாறினால் முடிவு நெருங்கிற்று என்பது 2015 சான்றால் பெறப்படுமா?

ஆசிரியர்: பெறப்படாது. 2007 ஜனவரியில் ஷஃபிளுக்கு நான்கு புது நிறம் மட்டும் வந்தது. அதன்பின் பத்தாண்டு வாழ்ந்தது. நிறம் மட்டும் மாறுவது மரண அறிகுறி அன்று. செய்தவர் கவனம் வேறிடம் போயிற்று என்பதன் அறிகுறி. 2007 ஜனவரியிலேயே அவர்கள் ஐபோனை அறிவித்துவிட்டதை நினைக்க.

மாணவன்: அப்படியானால் நிறம் யாருக்காக என்பதற்கு முடிந்த முடிபு என்ன, ஐயா?

ஆசிரியர்: பட்டியலிட்டுப் பார். விலைப்பட்டியல், எதிர்வரிசை, முன்பின் தெரியாதவர், தண்ணீர், உடன்பிறந்தோர், செய்தவர், பிறர், காவலர். எட்டுப் பேர் வந்தார்கள். கேட்பவர் வரவில்லை. பாட்டு ஒருவருக்கு மட்டும். நிறம் அவர் தவிர எல்லோருக்கும். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஊரை வெளியே நிறுத்தியவர், ஊர் பார்க்க ஒரு முகத்தை வெளியே விட்டுச்செல்ல வேண்டியிருந்தது. அந்த முகத்தைத்தான் ஐந்தாகவும் ஒன்பதாகவும் விற்றார்கள்.

புறனடை

2022 மே மாதம் கடைசி ஐபாடான டச்சையும் நிறுத்தியதாக ஆப்பிள் அறிவித்தபோது இந்நூலின் தென்னெல்லை மூடிற்று. பாட்டு செல்போனுக்குள் குடிபோய்விட்டது. செல்போனின் நிறமோ, வாங்கிய அன்றே பேக் கவருக்குள் போய்விடுகிறது. சென்னையின் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் நிறத்தை மட்டும் தனியே தொங்கவிட்டு விற்கிறார்கள். உள்ளே பெட்டி இல்லாமலே வாங்கலாம். தலைமை விதியின் கடைசிப் படி அது. அதற்குத் தனிநூல் வேண்டும்.

இந்நூலில் சொல்லாத நிறம் எவர் வீட்டு டிராயரிலாவது கிடைத்தால், கற்றோர் தத்தம் அறிவுக்கேற்ப ஏழில் ஒன்றில் பொருத்திக்கொள்க. எதிலும் பொருந்தாவிட்டால் வெள்ளியில் சேர்த்துவிடுக. சாயம் போன பிறகு எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.